வினாத்தாளில் மட்டும் இயங்கும் கணினி

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் நடனத்தைப் பாடமாக எடுத்த மாணவி பரீட்சகர் முன்னிலையில் ஆடிக் காட்ட வேண்டும். சங்கீதம் எடுத்தவர் பாடிக் காட்ட வேண்டும். அதே பரீட்சையில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தைத் தெரிவு செய்த பிள்ளை, கணினியின் விசைப்பலகையில் ஒரு விரலைத்தானும் வைத்துக் காட்ட வேண்டியதில்லை. பல்தேர்வு வினாத்தாள் ஒன்று, கட்டமைப்பு வினாத்தாள் ஒன்று. இவ்விரண்டுக்கும் பேனாவினால் விடையளித்தால் பரீட்சை முடிந்துவிடும். உயர்தரத்திலும் இதே நிலைதான். பொறியியல் தொழினுட்பத்துக்கும் உயிர்முறைமைகள் தொழினுட்பத்துக்கும் செய்முறைப் பரீட்சை நடத்தும் அதே பரீட்சைத் திணைக்களம், கணினிப் பாடத்தின் பெறுபேற்றை இரண்டு எழுத்து வினாத்தாள்களைக் கொண்டே தீர்மானிக்கின்றது.

இது பரீட்சை ஒழுங்கு பற்றிய சிறியதொரு விடயமாகத் தோன்றலாம். கொழும்பிலுள்ள பிரபல பாடசாலையொன்றின் மாணவனுக்கு அவ்வாறே எடுத்துக்கொள்ளவும் முடியும். அவனுக்கு வீட்டில் கணினி உண்டு. தனியார் வகுப்பு உண்டு. பரீட்சை கேட்டாலும் கேட்காவிட்டாலும் அவன் இயந்திரத்தோடு பழகிவிடுவான். ஆனால் வீட்டில் கணினி இல்லாத பிள்ளைக்குப் பாடசாலையே ஒரேயொரு வாய்ப்பு. அந்தப் பாடசாலையில் கணினி இயங்குகின்றதா இல்லையா என்பதைக் கண்டறியும் வலிமை நமது கல்வி முறையில் பரீட்சை ஒன்றுக்கு மாத்திரமே உண்டு. அந்தப் பரீட்சையோ அதனைக் கேட்பதேயில்லை. கணினிகள் பழுதடைந்து பூட்டிய அறைக்குள் கிடக்கும் பாடசாலையும் 'ஏ' சித்தி பெறுகின்றது. பெறுபேற்றுப் பட்டியலைப் பார்க்கும் அதிகாரி யாவும் சீராக நடைபெறுவதாக எண்ணிக்கொள்கின்றார். நாம் இங்கு எழுப்ப விரும்பும் கேள்வி இதுதான்.

மன்னார்த் தீவை எடுத்துக்கொள்வோம். மன்னார் நகரிலிருந்து தலைமன்னார் நோக்கிச் செல்கையில் பேசாலைக்கு முன்பாக அமைந்திருக்கும் ஊர் ஓலைத்தொடுவாய். கடலையும் பனையையும் நம்பி வாழும் கரையோரக் கிராமங்களில் ஒன்று. இந்த ஊரின் பெயர் பத்திரிகைகளில் இடம்பெறுவது மீன்பிடி, கடலரிப்பு, மணல் அகழ்வு பற்றிய செய்திகளில்தான். கல்விப் பக்கத்தில் அதனைக் காண்பது அரிது. ஆயினும் பாடத்திட்டம் கொழும்பில் வகுக்கப்படும்போது அது யாரைச் சென்றடைகின்றது என்பதை அறிய இத்தகைய ஊரொன்றில் நின்று பார்ப்பதே சரியான வழியாகும்.

இந்நாட்டில் தேசியக் கணினிக் கொள்கை முதன்முதலாக வகுக்கப்பட்டது 1983 ஆம் ஆண்டில். தமிழ் மக்கள் அந்த ஆண்டை வேறொரு காரணத்துக்காக நினைவு வைத்திருக்கின்றார்கள். அதன் பின்னரான கால் நூற்றாண்டில் தெற்கில் கணினி வகுப்புகள் ஒவ்வொன்றாகத் திறக்கப்பட்டபோது, மன்னாரில் பாடசாலைகள் அகதி முகாம்களாக மாறிக்கொண்டிருந்தன. 1990 ஒக்டோபரில் எருக்கலம்பிட்டி உள்ளிட்ட ஊர்களின் முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். அவர்களுடைய பிள்ளைகள் புத்தளத்துக் கொட்டில்களில் எழுத்துக் கற்றார்கள். தமிழ்க் குடும்பங்கள் படகேறி இராமேஸ்வரத்துக்குச் சென்றன. தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் உயர்தரப் பாடமாக 2007 இல் 12 ஆம் தரத்தில் அறிமுகப்படுத்தப்பட்டு, முதலாவது பரீட்சை 2009 ஓகஸ்டில் நடைபெற்ற வேளையில், வன்னியின் மாணவர்கள் செட்டிகுளம் முகாம்களுக்குள் இருந்துகொண்டே உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றினார்கள். ஓட்டப் பந்தயம் தொடங்கும்போது நமது பிள்ளைகள் மைதானத்திலேயே இருக்கவில்லை எனலாம்.

புள்ளிவிபரங்களிலும் நாம் இருக்கவில்லை. தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் கணினி எழுத்தறிவை 2004 ஆம் ஆண்டிலிருந்து அளவிட்டு வருகின்றது. அந்த ஆண்டில் அது பத்து வீதத்தை அண்மித்திருந்தது. 2021 இல் மூன்றில் ஒரு பங்கினரை எட்டியது. ஆனால் போர்க்காலத்துக் கணக்கெடுப்புகளில் வடமாகாணம் சேர்க்கப்படவில்லை. எனவே நாம் எங்கிருந்து புறப்பட்டோம் என்பதற்கு உத்தியோகபூர்வமான அளவுகோலே கிடையாது.

போர் முடிந்த பின்னர் நிலைமை மாறியது என்பதை மறுப்பதற்கில்லை. 2010 இல் மன்னார்ப் பாலம் புதிதாகத் திறக்கப்பட்டது. 2015 மார்ச்சில் தலைமன்னாருக்கு மீண்டும் புகையிரதம் வந்தது. இரண்டாம்நிலைப் பாடசாலைகளுக்கு மஹிந்தோதய ஆய்வுகூடங்கள் கட்டப்பட்டன. 2013 இல் உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு ஆரம்பிக்கப்பட்டது. தரம் 6 முதல் கணினிப் பாடம் என்ற ஏற்பாடும் 2015 அளவில் வந்தது. கட்டடம், பாடநூல், பாடத்திட்டம் ஆகிய மூன்றும் வந்துவிட்டன. வராதது எது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். சிறிய பாடசாலையொன்றுக்குப் பத்துக் கணினிகள் வழங்கப்பட்டன என்று வைத்துக்கொள்வோம். மூன்று ஆண்டுகளில் நான்கு பழுதடைந்துவிட்டன. வகுப்பில் முப்பத்தாறு பிள்ளைகள். ஆறு பேருக்கு ஒரு கணினி. ஒரு பாடவேளை நாற்பது நிமிடம். ஒரு பிள்ளையின் கை விசைப்பலகையில் இருக்கும் நேரம் ஏழு நிமிடத்துக்கும் குறைவு. வாரத்துக்கு மூன்று பாடவேளைகள் தவறாமல் நடந்தால் இருபது நிமிடம். ஆண்டுக்கு முப்பத்தைந்து வாரங்கள் என்று கொண்டால் பன்னிரண்டு மணித்தியாலங்கூட இல்லை. மின்வெட்டு, விளையாட்டுப் போட்டிக் காலம், ஆசிரியர் செயலமர்வுக்குச் சென்ற நாட்கள் ஆகியவற்றை நாம் இன்னும் கழிக்கவில்லை. ஒரு முழு ஆண்டில் அரை நாள் மட்டும் துவிச்சக்கரவண்டியில் ஏறிய பிள்ளைக்கு வண்டி ஓட்டத் தெரியும் என்று சான்றிதழ் கொடுப்போமா?

கணினிகள் பழுதடைவதற்கு மன்னாரில் விசேடமான காரணமும் உண்டு. கச்சான் காற்று வீசும் மாதங்களில் அது உப்பையும் நுண்மணலையும் சேர்த்தே கொண்டுவருகின்றது. கடற்கரையில் வீட்டுக் கூரைத் தகரத்தையும் துவிச்சக்கரவண்டியையும் தின்னும் அந்த உவர்க்காற்று, விசிறியின் வழியாகக் கணினிக்குள் புகுந்து தாய்ப்பலகையின் இணைப்புகளை அரிக்கின்றது. கரையோரப் பாடசாலைக்கு வழங்கப்படும் கணினியும் கண்டிக்கு வழங்கப்படும் கணினியும் ஒரே கேள்விப்பத்திரத்தின் கீழ் கொள்வனவு செய்யப்படுபவை. மின்விசிறி இல்லாத சிறு கணினிகள் இன்று மலிவாகவே கிடைக்கின்றன. பாடசாலைப் பிள்ளைகளுக்கென்றே பிரித்தானியாவில் உருவாக்கப்பட்டு 2012 இல் வெளிவந்த ராஸ்பெரி பை, உள்ளங்கையளவு பலகை ஒன்றுதான். அதனை மூடிய பெட்டிக்குள் வைத்தால் உப்புக்கு உட்புக இடமில்லை. பழுதானால் அந்தப் பலகையை மட்டும் மாற்றலாம். இது பெரிய தொழினுட்பப் புரட்சியன்று. கொள்வனவு செய்பவர் கடற்கரையை ஒரு தடவை பார்த்திருந்தால் தோன்றக்கூடிய யோசனைதான்.

பராமரிப்பு என்பதே நமது நிர்வாகத்தில் அநாதைப் பிள்ளை. கணினி வழங்கும் நாளில் நாடா வெட்டப்படும், மாலை அணிவிக்கப்படும், புகைப்படம் எடுக்கப்படும். மின்வழங்கிப் பெட்டி ஒன்று எரிந்துபோகும் நாளில் எவரும் வருவதில்லை. அதனை மாற்றுவதற்கு அதிபர் வலயக் கல்விப் பணிமனைக்குக் கடிதம் எழுத வேண்டும். விலைமனு பெற வேண்டும். பொருட்பதிவேட்டில் இருந்து பழைய பாகத்தை நீக்க அனுமதி பெற வேண்டும். பொருள் காணாமற்போனால் தாமே பொறுப்பு என்பதால், அறையைப் பூட்டித் திறப்பைத் தமது மேசை இலாச்சிக்குள் வைத்துக்கொள்வதே பாதுகாப்பானது என்று கருதும் அதிபர்கள் இருக்கின்றார்கள். நாம் அவர்களைக் குறைகூறவில்லை. பயன்படுத்திப் பழுதாக்கியவரைக் கணக்காய்வு கேள்வி கேட்கின்றது. பயன்படுத்தாமலே வைத்திருந்தவரை அது பாராட்டிச் செல்கின்றது.

ஆசிரியர் விடயம் இதைவிடச் சிக்கலானது. சிறிய பாடசாலையொன்றுக்குக் கணினி ஆசிரியர் ஒருவர் நியமிக்கப்பட்டால், அவர் முதலில் அலுவலகத்துக்கு அழைக்கப்படுவார். நேரசூசி தட்டெழுதுவது, தரவுப் படிவங்களை இணையத்தில் பதிவேற்றுவது, தவணைப் பரீட்சை வினாத்தாளை அமைப்பது, பரிசளிப்பு விழாவின் அழைப்பிதழை வடிவமைப்பது ஆகிய யாவும் அவர் தலையிலே விழும். கஷ்டப் பிரதேச சேவைக்காலம் முடிந்ததும் அவர் ஊருக்கு மாற்றம் பெற்றுச் செல்வார். அவ்விடத்துக்குக் கணித ஆசிரியரோ வர்த்தக ஆசிரியரோ பதிலாக அமர்த்தப்படுவார். அவர் மனச்சாட்சியுள்ளவராயின் பாடநூலை வாசித்து விளக்கம் சொல்வார். பரீட்சைக்கு அதுவே போதுமாக இருப்பதுதான் இதிலுள்ள துரதிர்ஷ்டம். துவித எண்ணைத் தசம எண்ணாக மாற்றுவதும், தருக்கப் படலைகளுக்கு மெய்நிலை அட்டவணை வரைவதும், பாய்ச்சற் கோட்டுப்படம் கீறுவதும் கரும்பலகையிலேயே கற்பிக்கத்தக்கவை. செய்நிரலைக்கூடப் பிள்ளை கொப்பியில் எழுதிவிடலாம். ஆனால் எழுதிய செய்நிரலை இயக்கிப் பார்த்து, அது பிழையென்று கணினி மறுத்து, எங்கே தவறியது என்று தேடிக் கண்டுபிடித்து மீண்டும் இயக்கும் அந்த அனுபவந்தான் கணினிக் கல்வியின் உயிர்நாடி. கொப்பி ஒருபோதும் பிழையென்று சொல்வதில்லை.

தமிழ்மொழியில் கற்கும் பிள்ளைக்கு மேலும் ஒரு சுமை உண்டு. பாடநூலில் 'பணிசெயல் முறைமை' என்றும் 'செய்நிரல்' என்றும் படிக்கின்றது. தமிழகத்து நூலிலோ காணொளியிலோ வேறு சொற்கள். கணினித் திரையில் யாவும் ஆங்கிலம். மூன்றுக்கும் இடையிலான தொடர்பை இயந்திரத்தின் முன் அமர்ந்து பழகினால்தான் பிள்ளை உணரும். இல்லையேல் மூன்று வெவ்வேறு பாடங்களாகவே அவை மனதில் தங்கும். தமிழில் தட்டெழுதுவதும் அப்படியே. இலங்கையின் நியமமாக ரெங்கநாதன் விசைப்பலகை வகுக்கப்பட்டிருக்கின்றது. அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் பாமினி எழுத்துரு நெடுங்காலம் ஆட்சி செய்தது. கையடக்கத் தொலைபேசியிலோ ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்துத் தமிழ் எழுதுகின்றார்கள். ஒருங்குறியில் தமிழ் இடம்பெற்றது 1991 இல். அதற்குப் பின் முப்பது ஆண்டுகளுக்கும் மேல் கடந்தும், தன் தாய்மொழியில் ஒரு பக்கத்தைப் பிழையின்றித் தட்டெழுதத் தெரியாமலே கணினிப் பாடத்தில் சித்தி பெற்று வெளியேறும் தமிழ்மொழிப் பிள்ளைகள் இருக்கின்றார்கள்.

"இப்போது எல்லோர் கையிலும் ஸ்மார்ட் போன் இருக்கின்றதே" என்று சொல்பவர்களும் உண்டு. 2020 மார்ச்சில் கொரோனாவினால் பாடசாலைகள் மூடப்பட்டு வாட்ஸ்அப்பில் பாடங்கள் வரத் தொடங்கியபோது அந்த வாதத்தின் பெறுமதி தெரிந்தது. கடற்றொழிலாளியின் வீட்டில் உள்ள ஒரேயொரு தொலைபேசி தகப்பனோடு கடலுக்குச் செல்கின்றது. மூன்று பிள்ளைகளுக்குப் பொதுவான அந்தச் சிறிய திரையில் ஆசிரியர் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக் கொப்பியில் எழுதுவது கணினிக் கல்வியாகாது. அரசின் கணக்கெடுப்பே இந்த வேறுபாட்டைக் காட்டுகின்றது. தொலைபேசிப் பாவனையையும் உள்ளடக்கிய டிஜிட்டல் எழுத்தறிவு 2021 இல் நாட்டில் ஐம்பது வீதத்தைத் தாண்டியிருந்தது. கணினி எழுத்தறிவோ மூன்றில் ஒன்றளவிலேயே நின்றது. இரண்டுக்கும் இடைப்பட்டவர்கள் பிறர் ஆக்கியதைப் பார்க்கத் தெரிந்தவர்கள். தாமாக ஒன்றை ஆக்குவதற்கு வேண்டிய கருவி அவர்களுக்குப் பழக்கமில்லை. 2022 இன் பொருளாதார நெருக்கடியில் ரூபாய் வீழ்ந்ததன் பின்னர் மடிக்கணினி ஒன்றின் விலை, ஏழைக் குடும்பம் நினைத்தும் பார்க்க முடியாத உயரத்துக்குப் போய்விட்டது. எனவே பாடசாலை ஆய்வுகூடத்தின் முக்கியத்துவம் முன்னரைவிடக் கூடியிருக்கின்றதேயன்றிக் குறையவில்லை.

பல்கலைக்கழக அனுமதியைப் பொறுத்தவரை மன்னார் மாவட்டம் வஞ்சிக்கப்பட்டதாகச் சொல்ல முடியாது. கலைப் பிரிவு தவிர்ந்த துறைகளில் நாற்பது வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், ஐம்பத்தைந்து வீதம் மாவட்டச் சனத்தொகை அடிப்படையிலும், எஞ்சிய ஐந்து வீதம் கல்வியில் பின்தங்கிய பதினாறு மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றது. அந்தப் பதினாறில் மன்னாரும் உண்டு. இடம்பெயர்ந்த மன்னார் முஸ்லிம்கள் வாழும் புத்தளமும் உண்டு. ஆனால் மாவட்ட ஒதுக்கீட்டுக்கு மாவட்டம் மட்டுமே தெரியும். மாவட்டத்துக்குள் இருக்கும் மேடு பள்ளம் தெரியாது. கணித, விஞ்ஞானப் பிரிவுகளுடன் உயர்தரம் நடத்தும் 1ஏபி தரப் பாடசாலைகள் பெரும்பாலும் நகரை அண்டியே இருக்கின்றன. கிராமத்துப் பாடசாலை பதினோராந் தரத்துடனோ அதற்கு முன்பாகவோ நின்றுவிடுகின்றது. ஓலைத்தொடுவாய்ப் பிள்ளை கணினித் துறைக்குச் செல்ல விரும்பினால், பேசாலைக்கோ மன்னார் நகருக்கோ பஸ் ஏற வேண்டும். அங்கே ஆறாம் தரத்திலிருந்தே ஆய்வுகூடத்தில் பழகிய பிள்ளைகளின் பக்கத்தில் அமர வேண்டும். தான் 'ஏ' சித்தி பெற்ற பாடத்தின் இயந்திரத்தை முதன்முதலாக உரிமையோடு தொடும் அந்த நாளில் அப்பிள்ளைக்கு ஏற்படும் வெட்கம் எந்தப் பட்டியலிலும் பதிவாவதில்லை. பல பிள்ளைகள் பேசாமல் கலைப் பிரிவுக்கு மாறிவிடுகின்றார்கள்.

இனி, இதற்கு மாற்று உண்டா என்று நோக்குவோம். கடலுக்கு அப்பால் வெகு தூரம் செல்ல வேண்டியதில்லை. கேரளத்தில் 2001 இல் 'ஐ.டி. அற் ஸ்கூல்' என்ற திட்டம் ஆரம்பிக்கப்பட்டது. பத்தாம் வகுப்புப் பொதுப் பரீட்சையில் தகவல் தொழினுட்பத்தை அவர்கள் செய்முறையாகவே பரிசோதிக்கின்றார்கள். பிள்ளை கணினியின் முன் அமர்ந்து, கொடுத்த வேலையைச் செய்து காட்ட வேண்டும். பாடசாலைகள் யாவற்றிலும் ஒரே வகையான கட்டற்ற மென்பொருள். ஆகையால் அனுமதிக் கட்டணமும் இல்லை, பாடசாலைக்குப் பாடசாலை வேறுபாடும் இல்லை. திரையிலும் மலையாளம் உண்டு. 2018 முதல் 'லிட்டில் கைற்ஸ்' என்னும் மாணவர் கழகங்கள் செயற்படுகின்றன. ஆய்வுகூடத்தைக் கவனித்துக்கொள்வதில் பிள்ளைகளுக்கே பங்குண்டு. செய்முறைப் பரீட்சை வருகின்றது என்றால் பரீட்சைக்கு முன் கணினிகள் இயங்கியே ஆக வேண்டும். பெற்றோர் கேட்பார்கள், பத்திரிகைகள் கேட்கும், அதிகாரிகள் ஓடி வருவார்கள். பரீட்சையே பராமரிப்பின் காவலாளியாகிவிடுகின்றது.

தமிழ்நாடு வேறு வழியில் சென்றது. 2011 இல் மேல்நிலை மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. நமது திறைசேரி இன்றிருக்கும் நிலையில் அந்த வழி நமக்கு எட்டாது. இங்கிலாந்தோ, ரோயல் சங்கத்தின் 2012 ஆம் ஆண்டு அறிக்கை பாடசாலைக் கணினிக் கல்வியைக் கடுமையாக விமர்சித்ததன் பின்னர், பழைய பாடத்தையே கைவிட்டு 2014 இல் புதிய பாடத்திட்டத்தைக் கொண்டுவந்தது. வசதி படைத்த நாடும் தனது பாடம் பயனற்றுப் போனதை ஏற்றுக்கொள்ளத் தயங்கவில்லை என்பதற்காகவே இதனைக் குறிப்பிடுகின்றோம்.

செய்முறைப் பரீட்சை வேண்டும் என்று நாம் சொல்லும்போது, நியாயமான ஆட்சேபமொன்று எழும். வசதியற்ற பாடசாலைகளின் பிள்ளைகளே அதனால் பாதிக்கப்படுவர். எழுத்துப் பரீட்சையிலாவது 'ஏ' பெற்றுவந்த கிராமத்துப் பிள்ளை அதையும் இழந்துவிடும். அதிபர்கள் பாடத்தையே நிறுத்திவிடுவார்கள் என்பதே அது. இதில் உண்மை உண்டு. நாளைக்கே அதனை நடைமுறைப்படுத்தினால் அவ்வாறுதான் நடக்கும். ஆகவே அறிவிப்புக்கும் பரீட்சைக்கும் இடையே குறைந்தது நான்கு ஆண்டுகளேனும் விட வேண்டும். முதலில் சிறிய பங்கு புள்ளிகளே செய்முறைக்கு ஒதுக்கப்பட வேண்டும். நடனப் பரீட்சைக்குப் பிள்ளைகளை ஒரு நிலையத்துக்கு அழைப்பதுபோலக் கணினிக்கும் பொது நிலையங்களை அமைக்கலாம். ஆனால் அந்த 'ஏ' யைக் காப்பாற்றுவதற்காக இன்றைய ஏற்பாட்டைத் தொடர்வது பிள்ளைக்குச் செய்யும் உதவியன்று என்றே நாம் கருதுகின்றோம். வேலைவாய்ப்பு நேர்முகத்தில் எவரும் வினாத்தாள் கொடுப்பதில்லை. கணினியின் முன் அமரச் சொல்வார்கள். செயற்கை நுண்ணறிவு வந்துவிட்ட இக்காலத்தில், மனனம் செய்த வரைவிலக்கணத்துக்கு இருந்த சிறிது பெறுமதியும் போய்விட்டது.

மன்னார்த் தீவுக்கென்றே பொருத்தமான வேறொரு வழியும் இருக்கின்றது. இத்தீவில் ஊர்கள் நெருக்கமானவை. எருக்கலம்பிட்டி, புதுக்குடியிருப்பு, தோட்டவெளி, ஓலைத்தொடுவாய், பேசாலை என்று முஸ்லிம் ஊர்களும் தமிழ் ஊர்களும் ஒன்றையடுத்து ஒன்றாக அமைந்துள்ளன. ஒவ்வொரு பாடசாலைக்கும் பத்துப் பத்தாகக் கணினியைப் பகிர்ந்து, ஒவ்வொன்றிலும் பாதியைத் துருப்பிடிக்க விடுவதைவிட, இரண்டு மூன்று ஊர்களுக்குப் பொதுவாக நன்கு பராமரிக்கப்படும் ஆய்வுகூடம் ஒன்றை அமைத்து, அதற்கென நிரந்தரத் தொழினுட்ப உதவியாளர் ஒருவரை நியமிப்பது சிக்கனமானது. முஸ்லிம் பாடசாலைகளுக்கு ரமழான் காலத்தில் விடுமுறை. அந்த வாரங்களில் அவற்றின் கணினிகள் சும்மா கிடக்கின்றன, பக்கத்து ஊர்த் தமிழ்ப் பாடசாலையிலோ பாடம் நடக்கின்றது. மற்றைய பாடசாலைகளின் தவணை விடுமுறைக் காலத்தில் நிலைமை மறுதலையாகின்றது. வெள்ளி நண்பகல் முஸ்லிம் பிள்ளைகளுக்கு ஆகாது. ஞாயிறு காலை திருப்பலியும் மறைக்கல்வியும் உள்ள கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு ஆகாது. ஒருவர் வர முடியாத நேரத்தில் மற்றவர் வரலாம். ஒரே இயந்திரம் இரு மடங்கு பயன் தரும். நகரத்துத் தனியார் வகுப்புக்கு மாலையில் மகளை அனுப்பத் தயங்கும் பெற்றோர் இரு சமூகங்களிலும் இருக்கின்றார்கள். அயலூரில் பகல் வேளையில் நடக்கும் வகுப்புக்கு அவர்கள் மறுப்புச் சொல்லப் போவதில்லை.

1990 இற்குப் பின் பிறந்த தலைமுறை ஒன்று, பக்கத்து ஊர்ப் பிள்ளையை அறியாமலே வளர்ந்தது. மீள்குடியேற்றம், காணி, வீட்டுத்திட்டம் ஆகியவற்றில் இரு சமூகங்களுக்கும் இடையே எழுந்த கசப்புகளை நாம் அறிவோம். நல்லிணக்கம் பற்றிய கருத்தரங்குகள் விடுதிகளில் நடந்து முடிந்துவிட்டன. ஒரு கணினியின் முன் அமர்ந்து ஒரே செய்நிரலின் பிழையைத் தேடும் ஒரு தமிழ்ப் பிள்ளைக்கும் முஸ்லிம் பிள்ளைக்கும் அத்தகைய கருத்தரங்கு தேவைப்படாது. இதில் அரசியல்வாதிகளுக்கு இலாபமில்லை என்பதால், இது நிறைவேறும் வாய்ப்பு ஓரளவு இருக்கின்றது.

தீவின் தென்கரையில் 'தம்பபவனி' காற்றாலை 2020 டிசெம்பரில் திறந்து வைக்கப்பட்டது. அதன் முப்பது கோபுரங்களும் நூறு மெகாவொற்றுக்கு மேல் மின்சாரம் தரும் வல்லமை உள்ளவை. காற்று திசை மாறும்போது கோபுரத்தின் தலையைத் திருப்புவதும், வேகம் கூடும்போது இறகின் கோணத்தை மாற்றுவதும் கணினியே. மேலும் காற்றாலைகள் அமைப்பதற்கு எதிராக மன்னார் மக்கள் 2025 இல் பல வாரங்கள் வீதியில் நின்று போராடினார்கள். அந்தப் பிணக்கின் இரு பக்க நியாயங்களையும் ஆராய்வது இன்றைய நமது நோக்கமன்று. ஆனால் வெள்ளநீர் வடிந்தோடும் பாதை மறிக்கப்பட்டதா, மீன்வளம் குறைந்ததா, வலசைப் பறவைகள் பாதிக்கப்பட்டனவா என்ற கேள்விகள் அனைத்தும் தரவுகளில் தங்கியிருப்பவை. கம்பனியிடம் தரவு இருக்கின்றது. அதனைக் கணிக்கும் ஆற்றலும் இருக்கின்றது. ஊரிடம் அனுபவம் இருக்கின்றது. அதனை எண்ணாக்கி, வரைபடமாக்கி மேசையில் வைப்பதற்கு ஊரின் பிள்ளைகளுக்குப் பயிற்சி வேண்டும். கடலில் எந்த நாளில் எவ்வளவு மீன் பட்டது என்பதை ஒரு விரிதாளில் மூன்று ஆண்டுகள் பதிந்து வைத்திருக்கும் கிராமத்தை எந்த ஆணைக்குழுவும் எளிதில் புறக்கணித்துவிட முடியாது. அந்த விரிதாளை ஆக்கும் வேலை சாதாரண தரப் பாடத்திட்டத்தில் ஏற்கெனவே இருப்பதுதான்.

புலம்பெயர்ந்த பழைய மாணவர்கள் லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்து தாம் படித்த பாடசாலைகளுக்குக் கணினிகளை அன்பளிப்புச் செய்கின்றார்கள். நன்றிக்குரிய பணி. எனினும் அந்த உதவி, பழைய மாணவர் சங்கம் உள்ள பெரிய கல்லூரிகளையே நாடிச் செல்கின்றது; சிறிய பாடசாலைக்கு அத்தகைய சங்கம் ஏது? உதவ விரும்புவோர் புதிய கணினி ஒன்றைக் கொடுப்பதற்குப் பதிலாக, ஐந்து கிராமப் பாடசாலைகளில் பழுதடைந்த கணினிகளை மூன்று ஆண்டுகளுக்குத் திருத்திக் கொடுக்கும் ஓர் இளைஞருக்கான சம்பளத்தை ஏற்றுக்கொள்ளலாம். அன்பளிப்புப் பலகையில் பெயர் பொறிக்க அதில் இடமிருக்காது என்பதுதான் ஒரேயொரு குறை.

மாகாணப் பாடசாலைகள் மாகாண சபைக்கு உரியவை. வடமாகாண சபையின் ஆயுட்காலம் 2018 ஒக்டோபரில் முடிவடைந்தது. அதன் பின் பல ஆண்டுகளாக ஆளுநரின் கீழேயே நிர்வாகம் நடந்து வருகின்றது. கேள்வி கேட்கும் உறுப்பினர் இல்லாத இடத்தில், பதிலளிக்கும் கடப்பாடு திணைக்களத்துக்கு இயல்பாகவே குறைந்துவிடுகின்றது. பரீட்சைச் சீர்திருத்தம் மத்திய அரசுக்குரியது. அது கொழும்பில் ஆறுதலாகவே நகரும். ஆனால் அதற்காகக் காத்திராமல் மாகாணக் கல்வித் திணைக்களம் செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. மன்னார், மடு ஆகிய இரு கல்வி வலயங்களிலும் உள்ள ஒவ்வொரு பாடசாலையிலும் பதிவேட்டின்படி எத்தனை கணினிகள், அவற்றுள் இன்று இயங்குபவை எத்தனை, கணினிப் பாடத்துக்கெனப் பயிற்றப்பட்ட ஆசிரியர் இருக்கின்றாரா, கடந்த தவணையில் ஒரு பிள்ளை ஆய்வுகூடத்தில் செலவிட்ட நேரம் எவ்வளவு என்ற நான்கு விபரங்களையும் திரட்டித் தமிழில் பகிரங்கமாக வெளியிட வேண்டும். இதற்கு நிதி ஒதுக்கீடு தேவையில்லை. வெளிநாட்டுக் கடன் தேவையில்லை. கோட்டக் கல்விப் பணிப்பாளர்கள் பாடசாலைகளுக்கு வழக்கமாகச் செல்லும்போது பூட்டிய அறையின் திறப்பைக் கேட்டு வாங்கி உள்ளே எட்டிப் பார்த்தால் போதும். தவணை முடிவதற்குள் அப்பட்டியல் வெளிவருமாயின், பெயர் ஊரோடு அதனைப் பிரசுரிக்க நாம் ஆயத்தமாக இருக்கின்றோம்.